புதிய பட்டதாரி உதவியாளர்களுக்குப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த கையோடு உதவியாளராகச் சேர்பவர், சில வாரங்களிலேயே முதலாம் ஆண்டு மாணவர் முன் ஆய்வுகூடத்தில் நிற்க வேண்டியிருக்கும். அவருக்குப் பாடம் தெரியும். அது மற்றவருக்கு எந்த இடத்தில் விளங்காமல் போகிறது என்பதுதான் தெரியாது. பயிற்சி அதைத் தொடாமல், வரவுப் பதிவேடு, விடுமுறை விதி என்று ஒரு முழுநாளை ஸ்லைட் காட்டியே கழிப்பது முதல் தவறு. விதிகளை இரண்டு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். தொடக்கத்தில் அரை நாள், பிறகு ஐந்து வாரங்களுக்கு வாரம் முக்கால் மணி நேரம் வையுங்கள். வகுப்பில் இறங்கிய பிறகுதான் உண்மையான சந்தேகங்கள் வரும். வெள்ளி மாலை வேண்டாம்; ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் பாதியில் எழும்ப வேண்டிவரும்.

செய்முறைக் கையேட்டை வாசிக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பாடம் நியமிப்பு (titration, ஒரு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அறியும் சோதனை) என்றால், உதவியாளர் தாமே அதைச் செய்ய வேண்டும், பிழையாகவும் செய்து பார்க்க வேண்டும். அளவியின் (burette, கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) நுனியில் நின்ற காற்றுக்குமிழி இடையில் வெளியேறினால் கனவளவு கூடுதலாகக் காட்டும். மேலே மறந்துவிட்ட புனலிலிருந்து துளி விழுந்தால் குறைவாகக் காட்டும். இதைக் கையால் பழகியவர், மாணவரின் வாசிப்பைப் பார்த்ததும் எங்கே தேடுவது என்று அறிவார்.

கற்பித்துப் பார்க்காத பயிற்சி பயிற்சியே அல்ல. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு 7 நிமிடம் கற்பித்தல், 5 நிமிடம் கருத்து: சரியாக ஒரு மணி நேரம். "நல்லா இருந்தது" என்ற கருத்தால் பயனில்லை. எத்தனை கேள்வி கேட்டார், விடைக்கு எத்தனை விநாடி பொறுத்தார் என்று எண்ணிச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களிலேயே காட்டினார்.

உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்துக்கு வரும் தோட்டப் பாடசாலை மாணவருக்கு அந்த 3 விநாடியும் போதாது. 'குழாயி' (pipette), 'பிறையுரு' (meniscus, குழாயில் திரவ மேற்பரப்பின் வளைவு) எல்லாம் அவருக்குத் தெரியும். ஆங்கிலப் பெயர்தான் வாயில் வராது. அந்த மௌனத்தை அறியாமை என்று எடுக்கவிடாதீர்கள். முப்பது சொற்களை மூன்று மொழியிலும் எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் உபகரணத்தைத் தொட்டுக் காட்டச் சொல்ல உதவியாளரைப் பழக்குங்கள்.

புள்ளியிடலைக் கடைசி நேரத்துக்கு விடுவதும் வழக்கமான தவறு. பெயர் மறைத்த ஐந்து விடைத்தாள்களை எல்லோரும் தனித்தனியே திருத்தட்டும். 20க்கு 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால், புள்ளித்திட்டத்தில் எந்த வரி தெளிவில்லை என்று முதலில் பாருங்கள். அந்த வரியைத் திருத்திய பிறகே மிச்சக் கட்டைப் பிரித்துக் கொடுங்கள்.