கடைக்கு வந்துபோன காவலர் பணியில் இறந்துவிட்டால் ஒரு ஹோட்டல் குடும்பம் என்ன செய்யலாம்

முதலில் ஃப்ளெக்ஸ் அடிக்க ஓடாதீர்கள். சேதி வந்த ஒரு மணி நேரத்தில் கை அதற்குத்தான் போகும், எங்களுக்கும் போனது. என் தம்பி போனிலிருந்தே ஒரு படத்தைத் தேடி எடுத்து, மேலே "கண்ணீர் அஞ்சலி", கீழே எங்கள் மெஸ் பெயர், செல் நம்பர் எல்லாம் சேர்த்து டிசைன் போடுகிறவருக்கு அனுப்பியே விட்டான். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "செத்தது அவரு, விளம்பரம் நமக்காடா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதோடு நிறுத்திவிட்டோம். அது போக, அனுமதி வாங்காமல் ரோட்டோரம் பேனர் கட்டுவதே தப்பு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன ஒரு பெண் லாரியில் சிக்கி உயிர்விட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நெடுஞ்சாலையில் உயிரை விட்ட மனிதருக்கு ரோட்டை மறைத்து அஞ்சலி வைப்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் மெஸ் கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பு பற்றிவிடும். ஏட்டையா (அவர் வீட்டம்மா வேண்டாம் என்றதால் பெயரை எழுதவில்லை) நைட் ரவுண்ட்ஸ் முடிகிற நேரத்தில், நாலரை வாக்கில் வந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போவார். மதிய டூட்டி என்றால் களி. மார்கழிப் பனியில் ஒரு ராத்திரி, வாகனச் சோதனையில் நின்றிருந்தபோது லாரி மோதி இறந்தார். கத்தி, துப்பாக்கி, துரத்தல் எதுவும் கிடையாது. பணியில் சாவது என்றால் அதுவும் சேர்த்திதான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஹோட்டல்காரர்களுக்கும் காக்கிச் சட்டைக்கும் எப்போதும் ஒத்துப்போகாது. "எழுதிக்க" என்று சொல்லிவிட்டுப் போய் அப்புறம் அந்தப் பக்கமே தலை வைக்காதவர்களும் எங்கள் நோட்டில் இருக்கிறார்கள். அதனால்தான் சம்பளம் வந்த அன்றே கணக்கை முடிக்கிறவர் மனதில் நின்றுவிடுகிறார். மரியாதை செய்ய நினைக்கிறீர்களா, அந்த ஆளுக்குச் செய்யுங்கள், உங்கள் கடைக்கு அவர் யாராக இருந்தாரோ அந்த அளவில் செய்யுங்கள். மொத்த டிபார்ட்மெண்டுக்கும் சேர்த்துச் செய்யக் கிளம்பினால் அது வேறு மாதிரி வாடை அடிக்க ஆரம்பித்துவிடும்.

சரி, முதல் நாள். சோறு ஆக்குகிற நம்மைவிட அன்றைக்கு உபயோகமான ஆள் வேறு யாரும் இல்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் கிடைக்க அரை நாள்கூட ஆகும், அதுவரை சொந்தக்காரர்கள் பிணவறை வாசலில் வெயிலில் நிற்பார்கள், பசிக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். ஒரு கேன் டீ, தண்ணீர் பாட்டில், பன், அவ்வளவு போதும். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். கூட வேலை பார்த்த போலீஸ்காரர்களும் யூனிஃபார்மோடு ஒரு ஓரமாக நிற்பார்கள், அவர்களுக்கும் கொடுங்கள்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். முதல் வேளைச் சோறு சம்பந்தி வீட்டிலிருந்து வரலாம், பங்காளி வீட்டிலிருந்து வரலாம், அதற்கு ஒரு முறை இருக்கும், நாம் முந்திக்கொண்டு போய் அதைக் கெடுத்துவிடக் கூடாது. வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவரிடம் "எந்த வேளையை நாங்க பாத்துக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாடு கிடைத்தது. ரசம், சோறு, அவித்த முட்டை, குழந்தைகளுக்குத் தனியாக இட்லி. பழைய பாத்திரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திருப்பிக் கேட்காமல் விட்டுவிட வேண்டும். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் கேட்டரிங் பழக்கத்தில் என் தம்பி "வேற ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டான். அன்று ராத்திரி அம்மா அவனோடு பேசவில்லை.

இனி நோட்டு விஷயம். வாடிக்கைக்காரர் இறந்தால் கணக்கு நோட்டில் அவர் பெயரில் பாக்கி இருக்கும். எங்களிடம் 340 ரூபாய் இருந்தது. அடித்துவிட்டு மறந்துவிடலாம் என்பது அப்பா முடிவு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும், ஏட்டையா வீட்டம்மா பெரிய பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மதியம் மூன்று மணி, கூட்டம் இல்லை. "அக்கா, அவரு கணக்கு எவ்ளோ இருக்குது?" என்றார். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து, அதெல்லாம் ஒன்றும் இல்லம்மா, போம்மா என்று என்னவோ இழுத்தார். அம்மா சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, நோட்டைப் பிரித்து, தேதி தேதியாக விரலை வைத்துக் காட்டி, கூட்டி, 340 என்று சொன்னார். அந்த அம்மா பர்ஸிலிருந்து மூன்று நூறும் நாலு பத்தும் எடுத்து எண்ணி வைத்தார். அம்மா வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு "வரவு" என்று எழுதி, நோட்டை அந்தப் பையன் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்புறம்தான் இரண்டு பேரையும் உட்கார வைத்து டீ கொடுத்தார்.

அப்பாவுக்கு அதில் வருத்தம்தான். எனக்கு அம்மா செய்தது சரி என்று பட்டது. புருஷன் ஒருத்தரிடமும் கடன் வைக்காமல் போனார் என்று பையன் முன்னால் காட்ட அந்த அம்மா வந்திருந்தார், அதை நாம் பெருந்தன்மை காட்டித் தட்டிவிடக் கூடாது. கேட்டு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வராவிட்டால் நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள், "தள்ளுபடி பண்ணிட்டோம்" என்று கடையில் நாலு பேர் காதில் விழச் சொல்லவும் செய்யாதீர்கள்.

பணம் திரட்டுவது அடுத்த வம்பு. கல்லாவில் உண்டியல் வைக்கலாமா, நம் கடை க்யூஆர் கோடிலேயே வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று நாலு பேர் யோசனை சொல்வார்கள். இட்லிக் காசும் இரங்கல் காசும் ஒரே கணக்கில் விழுந்தால் பின்னால் பிரித்துக் காட்ட முடியாது, எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஒரு வாய் பேசத்தான் செய்யும். கொடுக்க நினைக்கிறவர்கள் நேராகக் குடும்பத்திடம் கொடுக்கட்டும். இன்னொன்று, அரசு எவ்வளவு கொடுத்தது என்று விசாரிக்கவே விசாரிக்காதீர்கள். 2016 ஜூனில் ஓசூர் பக்கம் சங்கிலி பறித்தவர்களைப் பிடிக்கப் போன தலைமைக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டபோது, அன்றைய முதல்வர் ஜெயலலிதா அந்தக் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் அறிவித்தார். அதிலிருந்து எங்கள் மாவட்டத்தில் எந்தப் போலீஸ்காரர் இறந்தாலும் "ஒரு கோடி வந்துருச்சா?" என்பது ஒரு கேள்வியாகிவிட்டது. எல்லாச் சாவுக்கும் ஒரே தொகை வராது. இந்தக் கேள்வியை அந்த அம்மாவிடம் காய்கறிக் கடையிலேயே ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பதிலாக, கூட அலைய ஒரு ஆளைக் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ், அப்புறம் பேங்க், பென்ஷன் தாள்கள் என்று முதல் மூன்று மாதம் நடைதான். கருணை அடிப்படை வேலைக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், துக்கத்தில் நாள் போவது தெரியாது, நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். என் தம்பி தன் வண்டியில் எட்டு ஒன்பது தடவை அழைத்துப்போனான். விசிட்டிங் கார்டு கணக்கு அதில் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

படம் மாட்டுவதா வேண்டாமா? வீட்டில் கேட்டு, அவர்களே படம் கொடுத்தால் மாட்டுங்கள். அவர்கள் யூனிஃபார்ம் போட்ட படத்தைக் கொடுக்கலாம், கல்யாணத்தில் எடுத்ததைக் கொடுக்கலாம், எதைக் கொடுத்தாலும் அதுதான். சாமி படங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். கல்லாவுக்கு நேர் மேலேயும் வேண்டாம், அங்கே மாட்டினால் "எங்களுக்கு ஸ்டேஷனில் ஆள் இருக்கு" என்று வருகிறவர்களுக்குச் சொல்வது மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு அந்த அம்மா படம் கொடுக்கவில்லை. "தினம் இந்தப் பக்கமா பஸ்ல போறேன், பாக்க முடியாதுக்கா" என்றார். அத்தோடு விட்டுவிட்டோம்.

அந்த வருஷப் பொங்கலுக்கு அந்த வீட்டில் பொங்கல் இல்லை. நாமாகப் பாசத்தில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் கொடுத்தனுப்பிவிடக் கூடாது, ஹோட்டல்காரர்கள் செய்கிற வழக்கமான தப்பு இது.

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் அதே தேதியில் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சீனப் படை சுட்டதில் பத்து சி.ஆர்.பி.எஃப். காவலர்கள் இறந்தார்கள், அதற்காக ஏற்பட்ட நாள். செப்டம்பர் 6-ஐக் காவலர் நாள் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது, அது வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு துக்க நாளில் "வாழ்த்துகள்" என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். வீரவணக்க நாளில் மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் மலர்வளையம் வைத்து, குண்டு முழங்கி, அந்த வருஷம் பணியில் இறந்தவர்களை நினைவுகூர்வார்கள். வருஷம் என்றால் முந்தின செப்டம்பர் 1 முதல் அந்த ஆகஸ்ட் 31 வரை. செப்டம்பர் கடைசியில் ஒருவர் இறந்திருந்தால் அடுத்த மாதமே அவர் பெயர் வராது, அடுத்த வருஷம்தான் வரும். இது தெரியாமல் குடும்பம் நொந்துபோகக் கூடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று காலை அவர்கள் திரும்பி வரும்போது சாப்பிட்டிருக்க மாட்டார்கள், ஓரமாக நாலு இடம் பிடித்து வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தேதிக்கு இன்னொரு நினைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2004 அக்டோபர் 18-ல்தான் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தக் கதையைக் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆம்புலன்ஸ் மாதிரி வேஷம் போட்ட வேன் முதற்கொண்டு. 1993 ஏப்ரல் 9, அவன் கூட்டம் வைத்த பாலாறு கண்ணிவெடியில் போலீஸ், வனத்துறை ஆட்கள், துப்புச் சொன்னவர்கள் என்று 22 பேர் செத்தார்களே, அதில் ஒருத்தர் பெயரைச் சொல்லுங்கள் என்று அப்பா ஒருநாள் கேட்டார். ஒரு டேபிளிலும் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

இனி வருஷா வருஷம் செய்வது. வீட்டில் திதி பார்த்துச் செய்வார்கள், அது நாள் மாறும். கடைக்குத் தேதியே வசதி. நாங்கள் இறந்த தேதியன்று நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை யார் வந்தாலும் டீக்குக் காசு வாங்குவதில்லை. தூய்மைப் பணியாளர்கள், பால் வண்டிக்காரர், பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ரவுண்ட்ஸ் போலீஸ். ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்வோம். போர்டு வைப்பதில்லை.

மதியம் களி. இதை அன்னதானமாகப் பெரிசாகச் செய்ய ஆசைப்பட்டு முதல் வருஷம் சொதப்பினோம். நூறு பேருக்குப் பத்து கிலோ ராகி மாவு என்ற கணக்கு சரிதான், ஆனால் ஒரே அண்டாவில் கிண்டினால் துடுப்பு திரும்பாது, நடுவில் மாவு முட்டை முட்டையாக நின்றுவிடும். இரண்டு கிலோ இரண்டு கிலோவாகக் கிண்டுங்கள். நொய்யை முதலில் நன்றாகக் குழைய விட்டு, மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி விட்டு, மூடி வெந்த பிறகுதான் கிண்ட வேண்டும். கை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. தை மாதத்தை ஒட்டி வருவதால் அவரைக்கொட்டை மலிவாகக் கிடைக்கும், அதில் குழம்பு. உருண்டையைக் கையால் உருட்டுங்கள். அவசரத்துக்குக் கிண்ணத்தில் தட்டிக் கவிழ்த்து வைத்தால் ஏட்டையா கண்டுபிடித்துவிடுவார், "அக்கா இன்னைக்கு கிண்ணத்துக் களியா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

கடைசியாக ஒன்று, இது எல்லாக் கடைக்கும் பொருந்தாது. எங்கள் ஷட்டர் ஓரத்தில், பக்கத்து அடகுக் கடைக்கும் சேர்த்து, ரோந்து வரும் பீட் போலீஸ் வந்துபோனதற்குக் கையெழுத்துப் போடுகிற பட்டா நோட்டு ஆணியில் தொங்கும். அவருடைய கடைசிக் கையெழுத்து அதில்தான் இருக்கிறது, பக்கத்தில் நேரம் 04.40. அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் அது ஸ்டேஷன் சொத்து, அவருக்கு அடுத்த ராத்திரி வந்த காவலர் கீழ் வரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். உங்கள் கடையில் இப்படி ஏதாவது இருந்தால் கிழித்து வைத்துக்கொள்ளாதீர்கள், நேராகப் போய்க் கேளுங்கள். நோட்டு தீர்ந்ததும் அப்பா கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். நோட்டைத் தர முடியாது, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்தோம், இரண்டு. ஒன்று கணக்கு நோட்டுக்குள் அந்த 340 ரூபாய்ப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றைப் பெரிய பையன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.