பில்லும் அதன் வரிகளும்: ஜாங்கோவில் ஒரே படிவத்தில் இரண்டு அட்டவணைகளைக் கையாளுதல்

மளிகைக் கடைக்கு ஒரு பில் படிவம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேலே வாடிக்கையாளர் பெயரும் தேதியும், கீழே துவரம்பருப்பு 2 கிலோ, நல்லெண்ணெய் 1 லிட்டர் என்று வரிவரியாகப் பொருள்களும் இருக்கும். கடைக்காரர் கண்ணுக்கு இது ஒரே படிவம்தான். தரவுத்தளத்திலோ பில் ஓர் அட்டவணையிலும் அதன் வரிகள் வேறோர் அட்டவணையிலும் இருக்கின்றன. அவர் 'சேமி' பொத்தானை அழுத்தியதும் எந்த வரி புதியது, எது திருத்தப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று சர்வர் பிழையில்லாமல் பிரித்தறிய வேண்டும். தனி அட்டவணைக்கான படிவத்தை, பைத்தான் மொழியில் இணையதளங்கள் அமைக்க உதவும் ஜாங்கோவில் ஒருமுறையாவது செய்து பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி, மாடல்கள், அதாவது அட்டவணைகளின் வடிவத்தைச் சொல்லும் வகுப்புகள். 'பில்', 'பொருள்', 'பில்வரி' என்று மூன்று மாடல்கள் வேண்டும். பில்வரியில் இரண்டு ஃபாரின் கீ (வேறு அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலம்) இருக்கும்: ஒன்று பில்லைச் சுட்டுவது, மற்றொன்று பொருளைச் சுட்டுவது. சுட்டப்படும் பதிவு அழிக்கப்பட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஜாங்கோ 2.0 முதல் நாமே எழுதிக் கொடுத்தாக வேண்டும். பில்லை அழித்தால் அதன் வரிகளும் போக வேண்டும் என்பதால் அங்கே 'கேஸ்கேட்' பொருந்தும். ஒரு பொருளை அழித்ததால் பழைய பில்களின் வரிகள் காணாமல் போகக் கூடாது என்பதால் இங்கே அழிப்பதையே தடுக்கும் 'புரொடெக்ட்' கொடுங்கள். விற்ற விலையையும் பில்வரியிலேயே ஒரு புலமாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் இன்றைய விலையைப் பார்த்துப் போன மாதப் பில்லைக் கணக்கிட்டால் தொகை தவறாகிவிடும். பில்லைச் சுட்டும் ஃபாரின் கீக்கு 'வரிகள்' என்று தொடர்புப் பெயரும் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி, இன்லைன் ஃபார்ம்செட். ஜாங்கோவின் இன்லைன் ஃபார்ம்செட் ஃபேக்டரிக்குப் பில், பில்வரி ஆகிய இரண்டு மாடல்களையும், காட்ட வேண்டிய புலங்களின் பட்டியலையும் கொடுத்தால், வரிகளுக்கான படிவத் தொகுப்பு கிடைத்துவிடும். எதுவும் சொல்லாவிட்டால் 3 வெற்று வரிகளைக் கூடுதலாகக் காட்டும். நமக்கு 1 போதும். ஒவ்வொரு வரியிலும் நீக்குவதற்கான டிக் பெட்டி தானாகவே வரும்.

மூன்றாம் படி டெம்ப்ளேட், அதாவது பக்கத்தின் HTML வார்ப்பு. சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். உலாவியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் முதல் வரியின் அளவுப் புலத்துக்கு 'வரிகள்-0-அளவு' என்றும், அடுத்ததற்கு 'வரிகள்-1-அளவு' என்றும் பெயர் இருக்கும். இவற்றோடு மறைபுலங்கள் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேனேஜ்மென்ட் ஃபார்ம்: மொத்தம் எத்தனை வரிகள், அவற்றில் ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருப்பவை எத்தனை என்ற எண்ணிக்கைகளை அது சுமந்து செல்கிறது. மற்றொன்று, ஒவ்வொரு வரிக்குள்ளும் இருக்கும் ஐடி. வரி பழையதா புதியதா என்பதை ஜாங்கோ அறிவது இவற்றைக் கொண்டுதான்.

இன்லைன் ஃபார்ம்செட்டை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது, அழகாக அமைய வேண்டும் என்று புலங்களை ஒவ்வொன்றாகக் கையால் டெம்ப்ளேட்டில் எழுதினேன். ஐடியை எழுத மறந்துவிட்டேன். புதிய பில் சரியாகச் சேமிக்கப்பட்டது. பழைய பில்லைத் திருத்தினால் மட்டும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அதே பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. பழைய வரிகளுக்கு ஐடி கட்டாயம். அது இல்லை என்ற பிழை எழுந்திருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் புலங்களின் பிழைகளை மட்டுமே நான் காட்டியிருந்தேன். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் மறைபுலங்களைக் கட்டாயம் அச்சிடுங்கள். அவற்றின் பிழைகளையும் காட்டுங்கள்.

நான்காம் படி, வியூ, அதாவது உலாவியின் கோரிக்கையைக் கையாளும் நிரல். பக்கத்தைக் காட்டும்போதும் சரி, சேமிக்கும்போதும் சரி, அதே பில்லை ஃபார்ம்செட்டுக்கு இன்ஸ்டன்ஸாகக் கொடுக்க வேண்டும். பில் படிவம், ஃபார்ம்செட் இரண்டும் செல்லுபடியானால் முதலில் பில்லைச் சேமித்து, அதற்குக் கிடைத்த ஐடியோடு வரிகளைச் சேமியுங்கள். ஜாங்கோ இயல்பில் ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே உறுதிசெய்துவிடும் என்பதால், இரண்டு சேமிப்புகளையும், முழுதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று உறுதிசெய்யும் 'அட்டாமிக்' பிளாக் ஒன்றுக்குள் வையுங்கள். இல்லையேல் வரிகளில் கோளாறு நேரும்போது வரியே இல்லாத பில் ஒன்று தரவுத்தளத்தில் தங்கிவிடும். யாராவது வேறொரு பில்லின் வரி ஐடியை உள்ளே நுழைத்து அனுப்பினால் ஃபார்ம்செட் அதை ஏற்காது. ஆனால் அந்தப் பில்லே இந்தப் பயனருடையதுதானா என்று சோதிப்பது உங்கள் பொறுப்பு.

ஐந்தாம் படி, 'வரி சேர்' பொத்தான். ஃபார்ம்செட் தரும் வெற்றுப் படிவத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரிஃபிக்ஸ்' என்ற இடக்குறி இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதை அடுத்த எண்ணாக மாற்றி ஒட்டுங்கள். மொத்த எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பயனர் எழுதிய புதிய வரி சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். பழைய வரிகளின் எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம். நீக்கும்போதும் பழைய வரியைப் பக்கத்திலிருந்து பிடுங்கி எறியாமல், நீக்கு பெட்டியில் டிக் வைத்து வரியை மறைத்துவிடுங்கள்.

இப்போது சோதனை. மூன்று வரிகளுள்ள பில் ஒன்றைச் சேமித்து, அவற்றின் ஐடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே திருத்தத்தில் முதல் வரியின் அளவை மாற்றி, இரண்டாவதை நீக்கி, மூன்றாவதைத் தொடாமல் விட்டு, புதிதாக ஒன்றைச் சேர்த்துச் சேமியுங்கள். அட்டவணையில் மீண்டும் மூன்று வரிகள் இருக்க வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் தங்கள் பழைய ஐடியோடு இருக்க வேண்டும்.