இன்சுலின் பையோடு மலைநாட்டுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு முதல் வகை நீரிழிவு வந்தது 14 வயதில். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் நீரிழிவு என்று சொல்வதில்லை, சீனி வருத்தம்தான். தாத்தா பாட்டிக்கு வருகிற அதே வருத்தம் சின்னப் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்றுதான் ஊரே நினைத்தது. அது வேறு, இது வேறு. முதல் வகையில் இன்சுலின் சுரக்கும் கணையக் கலங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இனிப்பை விட்டாலும் பாகற்காய் தின்றாலும் அவை திரும்பி வராது. தினமும் ஊசி போட்டால்தான் உயிர். ஆனால் ஊசியை ஒழுங்காகப் போட்டால் படிக்கலாம், ஊர் சுற்றலாம், மலையும் ஏறலாம்.

இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். விடுமுறை வந்தால் விடுதித் தோழிகளுக்கு எங்கள் மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க ஆசை. யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி, மட்டக்களப்புக்காரி ஒருத்தி, குருநாகலிலிருந்து வந்த சிங்களத் தோழி ஒருத்தி, நான். இரண்டு ஓகஸ்ட் விடுமுறைகளில் எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா, ஹோட்டன் சமவெளி என்று சுற்றினோம். முதல் பயணத்தில் நான் செய்த தவறுகள் என்னை ஆபத்தில் தள்ளின. இதே வருத்தத்தோடு பயணம் போக நினைக்கிற தம்பி தங்கச்சிகளுக்காகவும், அவர்களுடைய கூட்டாளிகளுக்காகவும் எழுதுகிறேன்.

சொல்லாமல் போனது

மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் வந்தன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத, பொம்பளப் புள்ள" என்று சொல்லித்தான் அம்மா என்னைப் படிக்க அனுப்பினார். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இது தடையாக நிற்கும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் ஒரு வீட்டுக் கதை பத்து லயத்துக்கும் போய்விடும். ஆனால் அந்தப் பழக்கத்தில் விடுதியிலும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டேன். ஒரு வருடம் ஒரே அறையில் படுத்தவர்களுக்கும் தெரியாது.

எல்ல மலைக்கு ஏறப் போன அன்று காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டு, வழக்கமான அளவு இன்சுலின் போட்டேன். விடுதியில் உட்கார்ந்து படிக்கிற நாளுக்கான அளவு அது. ரெயில் பாதையோரமாகக் கித்தல் எல்ல வரைக்கும் நடந்து, அப்புறம் யூக்கலிப்டஸ் காட்டு வழியாக ஏற்றம். ஏறும்போது தசைகள் இரத்தத்தில் இருக்கிற சீனியை வேகமாக இழுத்துக்கொள்ளும். போட்ட இன்சுலினும் தன் வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் சீனி மளமளவென்று இறங்கும். எனக்கு இது தெரியும். ஆனால் நடுவில் நின்று விரலைக் குத்திப் பார்த்தால் மூன்று பேருக்கும் தெரிந்துவிடுமே என்று பார்க்காமலே நடந்தேன்.

இறங்கி வரும்போது மட்டக்களப்புக்காரி படம் எடுக்க நிற்கச் சொன்னாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். "உங்களோட வந்ததே பிழை" என்று கத்தினேனாம். எனக்கு அது நினைவில்லை. மூளைக்குச் சீனி போதாமல் போனால் முதலில் வருவது பல பேருக்கு மயக்கம் இல்லை, கோபம்தான். அவள் முகம் வாடி முன்னால் போய்விட்டாள். நான் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உதடு மரத்துப் போனது, கண் மங்கியது. அப்போதுதான் வாயைத் திறந்து, "எனக்குச் சீனி வருத்தம், சீனி எறங்கிருச்சு" என்றேன். யாழ்ப்பாணத்துக்காரி ஓடிப்போய் வழியோரக் கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்தாள். சீனி போடாத பானம். சீனி வருத்தக்காரருக்குச் சீனி கூடாது என்பதுதானே எல்லோரும் கேள்விப்பட்டது. பாவம், அவள்மேல் என்ன பிழை? நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

காப்பாற்றியது அந்தக் கடைக்கார அம்மா. "மொகமெல்லாம் வேர்த்து ஊத்துதே" என்று சொல்லிக்கொண்டே பிளேன்டீக்கு வைத்திருந்த சீனியை என் உள்ளங்கையில் கொட்டி, நக்கச் சொன்னார். அப்புறம் மீட்டரில் பார்த்தபோதே 52 mg/dL. அதற்கு முன்னால் எவ்வளவு இருந்ததோ.

அன்று இரவு யாழ்ப்பாணத்துக்காரி கேட்டது ஒன்றுதான்: "ஏனடி எங்களுக்கு முதலே சொல்லேல்ல?" பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

கூட வருகிறவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம், சில வார்த்தைகள் போதும். திடீரென்று நான் கோபப்பட்டாலோ உளறினாலோ சீனி பார்க்கச் சொல்லு. சீனி குறைந்தால் எனக்குச் சீனிதான் வேண்டும், இன்சுலின் இல்லை. நினைவில்லாமல் விழுந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும், பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டு 1990-ஐ அழை. இந்தச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016-இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது. இப்போது மலைநாட்டிலும் உண்டு, காசும் இல்லை. ஆனால் மலை மடிப்புகளில் போனுக்குச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். எந்த இடத்தில் கிடைக்கிறது என்று ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொக்கலேட்டை நம்புவது

சீனி 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் அளவு வேகமான சீனி எடுத்து, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை எடுக்க வேண்டும். கிளினிக்கில் எல்லோருக்கும் சொல்லித் தருவதுதான். மூன்று தேக்கரண்டிச் சீனி அல்லது அதே அளவு குளுக்கோஸ் தூள். பையில் சொக்கலேட் இருக்கிறதே என்று பல பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அதில் கொழுப்பு இருப்பதால் சீனி இரத்தத்துக்கு வர நேரம் எடுக்கும். ரெயிலில் விற்கிற வடையும் அப்படித்தான். சீனியை ஏற்றிய பிறகு பசிக்குச் சாப்பிடலாம், அவசரத்துக்கு உதவாது.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். நுழைவாயிலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். பிஸ்கட் உறையைக்கூடப் பிரித்துத்தான் உள்ளே விடுவார்கள். அந்தச் சமவெளிக்கு அது தேவையான சட்டம், மனதார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளுக்கோஸைப் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போனால் அந்த வரிசையில் நின்று தடுமாற வேண்டியிருக்கும். மூடியுள்ள ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஊசிகளுக்கும் கேள்வி வரலாம் என்று கிளினிக் கொப்பியை மேலாக வைத்திருந்தேன். உள்ளே நடை கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர், வழியில் கடை கிடையாது. உலக முடிவு என்கிற மலை விளிம்பில் 800 மீட்டருக்கும் மேலான பள்ளம். விளிம்புக்குப் போகும் முன்பே ஒரு தரம் விரலைக் குத்திப் பாருங்கள், தலை சுற்றிய பிறகு இல்லை. பயன்படுத்திய ஊசியையும் சீனி பார்க்கிற பட்டியையும் அதற்கென்று ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

குளிரை லேசாக எண்ணுவது

மட்டக்களப்புக்காரியின் பெரியம்மாவுக்கும் சீனி. அவர் இன்சுலினை வெயிலிலிருந்து காப்பாற்ற ஈர மண்பானைக்குள் வைப்பாராம். நல்ல வழிதான். நுவரெலியாவில் பிரச்சினை நேர்மாறானது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் அது. அங்கே தங்கிய இடத்தில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தது. மேல் தட்டில், ஐஸ் அறைக்கு ஒட்டினாற்போல் ஒரு குப்பியை வைத்தேன். காலையில் எடுத்தால் கட்டி. உறைந்த இன்சுலின் கரைந்த பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் போடக்கூடாது, வேலை செய்யும் என்று நம்ப முடியாது. தூக்கி எறிந்தேன். நல்லவேளையாக இன்னொரு குப்பி யாழ்ப்பாணத்துக்காரியின் பையில் இருந்தது. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். திறந்தது, வகையைப் பொறுத்து மாறினாலும், பெரும்பாலும் நான்கு வாரம் வரை சாதாரண அறை வெப்பத்தில் தாங்கும். குளிர் ஊரில் அதைப் பெட்டிக்குள் வைக்க அவசியமே இல்லை, உடுப்புக்கு நடுவில் சுற்றி வைத்தால் போதும். மருந்தை இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள். பஸ்ஸின் பின் டிக்கியில் போடவே வேண்டாம்.

குளிர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். நடுக்கம் வந்தால் குளிர் என்று நினைத்துவிடுவோம். ஜெர்சிக்குள் வேர்ப்பது வெளியில் தெரியாது. அதனால் அங்கே உடம்பு காட்டும் அறிகுறியை மட்டும் நம்பாமல், மணி பார்த்துச் சோதியுங்கள். விரல் விறைத்திருந்தால் இரத்தம் வராது. சூடான பிளேன்டீக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக் குத்துங்கள். மீட்டரும் குளிரில் பிழை காட்டும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே எப்போது போவது என்பதையும் யோசியுங்கள். ஓகஸ்டில் ஹட்டன், நல்லதண்ணிப் பக்கம் தென்மேற்கு மழை அடித்து ஊற்றும். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல எல்லாம் அதே நேரத்தில் காய்ந்து காற்று வீசும். நனைந்த சப்பாத்தோடு நடந்து கால் பொத்துப்போனால் எங்களுக்குப் புண் ஆறுவது கஷ்டம். புதுச் சப்பாத்தைப் பயணத்துக்கென்று வாங்காதீர்கள்.

சாப்பாடு வருவதற்கு முன் ஊசி

கடையில் "பத்து நிமிசம்" என்பார்கள். விடுமுறைக் கூட்டத்தில் அது முக்கால் மணி நேரமாகும். வேக இன்சுலின் போடுகிறவர்கள் சோற்றுத் தட்டு கண்முன் வந்த பிறகு போடுங்கள். அரசாங்க கிளினிக்கில் கிடைக்கிற கலவை இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது கஷ்டம், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியது அது. நான் அதில்தான் இருக்கிறேன். அதனால் காலைச் சாப்பாட்டைத் தங்கும் இடத்திலேயே முடித்துவிடுவேன், ரெயிலில் போகும் நாளில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவேன். கோச்சி மலையில் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லவே முடியாது. ஏறுகிற நாளில் அளவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பயணத்துக்கு முன்பே உங்கள் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆளுக்கு ஆள் அது மாறும், என் கணக்கை நீங்கள் எடுக்கக்கூடாது.

இன்னொரு தவறு உயிருக்கே ஆபத்து. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, வயிற்றோட்டம் வந்தால், "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு" என்று இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடுவது. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி இரத்தத்தில் அமிலம் சேரும். மூச்சு வேகமாகும், வாயில் பழுத்த பழம் போல வாடை வரும். அப்படி வந்தால் பயணத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுவரெலியா, பதுளை, தியத்தலாவை, டிக்கோயா எல்லாவற்றிலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது.

கூட வருகிறவர்கள் செய்கிற தவறு

தெரிந்த பிறகு என் தோழிகள் கொஞ்ச நாள் காவல்காரர்களாக மாறிவிட்டார்கள். கித்துள் கருப்பட்டித் துண்டை எடுத்தால், "இது சாப்பிடலாமா?" லிப்டன் ஆசனம் என்கிற மலை உச்சிக்குப் போவோம் என்றால், "நீ கீழ இரு, நாங்க போய்ட்டு வாறம்." அன்பில் சொன்னதுதான், ஆனால் அந்த வார்த்தைக்கு நான் அன்று இரவு அழுதேன். என்ன சாப்பிடலாம் என்ற கணக்கு எனக்குத் தெரியும், அதைத்தானே இத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது, நான் நிற்கும்போது கூட நிற்பது. விரலைக் குத்தும்போது முகத்தைத் திருப்பாமல் இருப்பது. என் குளுக்கோஸ் டப்பாவில் இன்னொன்றை உங்கள் பையில் சுமப்பது. இதை நேராகவே சொன்னேன். புரிந்துகொண்டார்கள்.

அடுத்த நாள் தம்பேதன்ன தொழிற்சாலையிலிருந்து கொழுந்து மலை வழியாக லிப்டன் ஆசனம் வரை நால்வரும் நடந்தோம். ஒரு வளைவில் சிங்களத் தோழி நின்று, "சீனி பார்க்கிற நேரம்" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் பார்த்துக்கொண்டிருக்க, நடு ரோட்டில் உட்கார்ந்து விரலைக் குத்தினேன். முதல் தடவையாக யாருக்கும் மறைக்கவில்லை.

கீழே வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. காலியான தசைகள் இரவு முழுக்கச் சீனியை இழுத்துச் சேமிக்கும், நடந்து பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட இறங்கும். படுக்கும் முன் பார்த்து, குறைவாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு, நடுச்சாமத்துக்கு அலாரம் வையுங்கள். அன்று இரவு 2 மணிக்கு என் போன் அடித்தது. பக்கத்துக் கட்டிலில் மட்டக்களப்புக்காரியின் போனும் அடித்தது, அவளிடம் நான் வைக்கச் சொல்லவில்லை. டோர்ச் அடித்துப் பிடித்தாள். 84. இரண்டு பிஸ்கட் தந்தாள், தின்றுவிட்டுப் படுத்தோம்.