தோலைக் காக்கப் போய் நாமே கெடுக்கும் விதம்

மட்டக்களப்பு கல்லடியில் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். போன வாரம் ஒரு பிள்ளை வந்தாள், வயது இருபத்திரண்டுதான். இரண்டு கன்னமும் தீப்பட்டதுபோல் சிவந்திருந்தன. "பச்சைத் தண்ணி பட்டாலே எரியுது அன்ரி" என்றாள். கைப்பையிலிருந்து எடுத்து நீட்டியது லேபிள் இல்லாத வெள்ளை டப்பா. அவள் வயதில் நானும் அப்படியொன்று வாங்கிப் பூசியவள். மேக்கப்போடு தூங்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

பெயர் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. இப்படிக் கலந்து விற்கும் கிறீம்களில் பெட்டாமெத்தசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொய்ட் மருந்துகளும் பாதரசமும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. முதல் கிழமை முகம் மின்னும், கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம்.

தோலின் மேலடுக்கு கல்லும் சாந்துமாகக் கட்டிய மதில். இறந்த செல்கள் கல். செரமைட் என்ற தோல் கொழுப்பு, கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலம் சேர்ந்தது சாந்து. ஸ்டீரொய்ட் அந்தச் சாந்து ஊறுவதைக் குறைக்கும், அடியிலுள்ள கொலாஜனையும் குறைக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, ஈரம் நிற்காமல், சுருக்கம் முந்திக்கொண்டு வரும். என் மூக்கோரத்தில் அன்றைக்கு வந்த சிவப்பு நரம்புகள் இன்னும் போகவில்லை.

ஸ்டீரொய்ட் கிறீமை ஒரே நாளில் நிறுத்தினால் முகம் பொங்கிச் சிவக்கலாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். அந்தப் பிள்ளையையும் அப்படித்தான் அனுப்பினேன்.

தேசிக்காய்

வேண்டாம். சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் போட்டுக் கறுக்கும்.

உடம்புச் சவர்க்காரத்தால் முகம் கழுவுவது

தோலின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5க்குப் பக்கம், சவர்க்காரத்தினது 9, 10. சாந்து கரையும்.

கச்சான் காற்றில் வெறும் முகம்

மே மாதம் பிறந்தால் நமக்குக் கச்சான். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வரும் காற்று. முகத்தை ஒற்றித் துடைத்த கையோடு, ஈரம் காயுமுன், கிளிசரினோ செரமைட்டோ உள்ள கிறீம் பூசுங்கள். காசில்லையா, வாசலின் மெல்லிசாக. பகலில் அதற்கு மேல் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிறீன், மூட்டமான நாளிலும். தோலை முதுமையாக்குவதில் வெயிலுக்குத்தான் பெரிய பங்கு.

எரியும் முகத்துக்கு பேஷியல்

கேட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு மாதமாவது ஸ்க்ரப்பும் இல்லை, தோலுரிக்கும் ஆசிட்டும் இல்லை. மதில் தன்பாட்டில் மறுபடி எழும்பட்டும்.