ஏப்ரல் வந்துவிட்டால் பனி அடங்கிவிடுமா?

வெயில் அடிக்கிறது, பனி இறுகியிருக்கும் என்று காலண்டரை நம்பி மலையேறுவதுதான் வசந்த காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. 2013 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், லவ்லாண்ட் கணவாய் அருகே ஷீப் க்ரீக்கில் ஆறு பேர் பனிச்சரிவில் சிக்கி, ஐந்து பேர் இறந்தார்கள். விவரம் தெரியாதவர்கள் அல்ல. அன்றைய எச்சரிக்கையைப் படித்திருந்தார்கள். மேலே ஆபத்து இருப்பது தெரிந்தே, அடிவாரத்தை இடைவெளி விட்டு நடந்து சட்டென்று கடந்துவிடலாம் என்று நினைத்தார்கள். கீழே நடந்தவர்களின் எடைக்கே மேலே இருந்த பனி தரையோடு பெயர்ந்து வந்தது.

கீழிருந்து எப்படி? அங்கே அக்டோபர், நவம்பரில் விழும் முதல் பனி மெல்லியது. தரைக்கும் மேலே உள்ள கடுங்குளிருக்கும் நடுவே கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணையாக மாறிவிடும். அதன்மேல் மாதக்கணக்கில் விழுவது பலகைபோல் இறுகும். ஓரிடத்தில் குருணை நொறுங்கினால் அந்த நொறுங்கல் சரிவு முழுக்க ஓடும். வடக்கு பார்த்த சரிவுகளில் வெயில் அதிகம் படாது. ஏப்ரலிலும் அங்கே குளிர்காலம்தான்.

வெயில் படும் பக்கத்தில் கதை வேறு. இரவில் உறைந்து பகலில் இளகும் பனி அது. காலையில் கல்போல் இருப்பது மதியம் கஞ்சியாகிவிடும். "நேற்று 11 மணிக்கு இறங்கினோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்பது இங்கே செல்லாது. நேற்றிரவு வானம் தெளிவாக இருந்ததா என்று கேளுங்கள். மேகம் போர்வை மாதிரி; அது மூடிய இரவில் பனி சரியாக உறையாது. தெளிவான இரவிலோ, காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறையலாம். வெறும் தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறுதான். கிழக்குச் சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைகிறதா, பனி உருண்டைகள் தானாக உருண்டு வருகின்றனவா, சரி, அந்தச் சரிவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும், உடலில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி) இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். முழுக்கப் புதைந்தவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தாண்டினாலே பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரியும். தோண்ட ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஷீப் க்ரீக்கில் ஆறு பேருமே பனிச்சரிவின் பாதைக்குள் இருந்தார்கள். பிழைத்த ஒருவர் பாதி புதைந்தபடி, சுமார் நான்கு மணி நேரம் காத்திருந்தார்.