பூட்டிய வீட்டையும் கணக்கில் எடுங்கள்: வட்டார சுகாதாரத் திட்டத்துக்கு ஆய்வு செய்யும் முறை

கேள்வித்தாள் அச்சடிக்கும் முன் வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: முடிவு வந்தால் எதை மாற்றுவீர்கள்? 30 வயது நிறைந்தவர்களில் எத்தனை பேருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று பார்க்கும் ஆய்வு என்று வையுங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கு இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) எவ்வளவு போடுவது, மருத்துவ முகாமைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றலாமா என்று பதில் வந்தால் ஆய்வு உருப்படும். ‘சும்மா தெரிந்துகொள்ள’ என்றால் அறிக்கை பீரோவுக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது காலம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் ஜூன், ஜூலையில் குறுவை நடவு. அப்போது ஊரில் ஆள் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வழியை மறிக்கும். இடையில் ஆகஸ்ட் ஓரளவு தோது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் திட்ட வரைவு பல மாதம் முன்பே எழுதப்படுவதால், ஆகஸ்டில் முடித்தால்தான் முடிவுகள் வரைவுக்குள் ஏறும்.

எத்தனை பேர் வேண்டும்? 100 பேரில் 30 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கலாம் என வையுங்கள். அந்த 30-ல் 5 கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. 95% உறுதிக்கு உரிய எண் 1.96. 1.96 × 1.96 × 0.3 × 0.7 ÷ (0.05 × 0.05) = 323. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் 1.5-ஆல் பெருக்கினால் 485. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று சேர்த்தால் சுமார் 540. அதாவது 30 தொகுதி (ஒரு ஊரில் ஒன்றாக எடுக்கும் ஆட்கள் ஒரு தொகுதி), தொகுதிக்கு 18 பேர்.

ஊர்களை விருப்பத்துக்குப் பொறுக்காதீர்கள். எல்லா ஊரின் மக்கள்தொகையையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 1,50,000 என்றால் 30-ஆல் வகுக்க 5,000. ஒன்றிலிருந்து 5,000-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுங்கள், 1,730 என்று வைத்துக்கொள்வோம். 1,730, 6,730, 11,730 எந்த ஊரில் விழுகிறதோ அந்த ஊர். பெரிய ஊர் இரண்டு முறை வந்தால் அங்கே இரண்டு தொகுதி.

ஊருக்குள் நுழைந்ததும்தான் தவறு நடக்கிறது. கோயில் வாசலில் நின்று ஏதோ ஒரு திசையில் நடந்தால் மேலத்தெருவும் கீழத்தெருவும் கிடைக்கும்; காலனியும், கொள்ளிடப் படுகைக் குடிசைகளும் விடுபடும். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலிருந்து எல்லாத் தெரு வீடுகளையும் ஒரே பட்டியலாக்குங்கள். 360 வீடென்றால் 20-க்கு ஒன்று. முதல் வீட்டைச் சீட்டுக் குலுக்குங்கள். வீட்டுக்குள்ளும் 30 வயது நிறைந்தவர்களில் ஒருவரைச் சீட்டில்தான் எடுக்க வேண்டும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை அல்ல. கணக்கிடும்போது, அந்த வீட்டில் அப்படி எத்தனை பேரோ அந்த எண்ணால் அவரது பதிலுக்கு எடை கொடுங்கள்.

பகல் 11 மணிக்குப் போனால் தாத்தா பாட்டிதான் இருப்பார்கள். வயதோடு அழுத்தமும் கூடுவதால் எண்ணிக்கை ஊதிவிடும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் ஏட்டில் இருக்கமாட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போங்கள்: ஒன்று மாலை 6-க்கு மேல், ஒன்று ஞாயிறு. பக்கத்து வீட்டைப் பதிலாக எடுக்கக் கூடாது. ‘பூட்டு’, ‘மறுப்பு’, ‘திருப்பூரில் வேலை’ என்று காரணத்தை எழுதி அந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் தாருங்கள்.

அளக்கும் முன் அரை மணி டீ, வெற்றிலை, புகையிலை வேண்டாம். முதுகு சாய்த்து 5 நிமிடம் உட்காரட்டும். கை நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரி. வரப்பிலிருந்து வந்த கையோடு அளந்தால் அந்த எண் வீண். 180/110-க்கு மேல் இருந்தால் கேள்விகளை நிறுத்தி அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே மருத்துவக் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும்.

பிறகு இண்டென்ட். 30 வயது நிறைந்தோர் 60,000, முடிவு 30% என்றால் 18,000 பேர். கூடக்குறைய என்பதைச் சேர்த்தால் 15,000 முதல் 21,000. அரசு மருந்து வாங்குவோர் அவர்களில் 40% என்று ஆய்வில் தெரிந்தால் 7,200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு அம்லோடிபின் (இரத்த அழுத்த மாத்திரை) என்றாலும் மாதம் 2,16,000 மாத்திரை. இருப்பு தீர்ந்துபோனால் ஆட்கள் பாதியில் நின்றுவிடுவார்கள் என்பதால் மேல் எல்லையை ஒட்டிக் கேட்பதே நல்லது.

முடிவை ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லி யாராவது கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். 18 பேரில் 9 பேருக்கு அழுத்தம் என்பதால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு என்று ஆகாது. இந்த ஆய்வு வட்டாரத்துக்கான எண்ணைத்தான் தரும். அக்டோபர் 2 கிராம சபையில் சொல்லும்போதும் வட்டார எண்ணை மட்டும் சொல்லுங்கள். 18 பேர் என்றால் யார் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.