முதுகுத்தண்டுப் பிளவு அறுவைக்குப் பின்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

முதுகெலும்பு கருவிலேயே முழுதாக மூடாமல், தண்டுவடமும் நரம்புகளும் முதுகில் பையாகப் பிதுங்கியிருப்பதுதான் முதுகுத்தண்டுப் பிளவு (ஸ்பைனா பைஃபிடா). அந்தப் பையை மூடித் தைத்ததும் தொற்று நுழையும் வழி அடைபடுகிறது. ஏற்கெனவே கெட்டுப்போன நரம்புகள் அதனால் மீள்வதில்லை. தலை, சிறுநீர்ப்பை, குடல், கால், தோல் என எங்கும் பின்னால் சிக்கல் வரலாம். அது முதலில் கண்ணில் படுவது குழந்தையைக் குளிப்பாட்டி உடுத்துகிறவருக்குத்தான். ஒரு நோட்டுப் போட்டு, தலைச் சுற்றளவு, சிறுநீர் அளவு, மலம் போன நாள், கால் அசைவு ஆகியவற்றை எழுதி வாருங்கள்.

காயம்

தையல் ஆறும்வரை குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வையுங்கள். காயத்துக்குப் பெரிய எதிரி மலம். காயத்துக்குக் கீழே, ஆசனவாய்க்கு மேலே, மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் விளிம்பை மட்டும் தோலில் ஒட்டித் திரைபோலத் தொங்கவிட்டால் மலம் மேலே ஏறாது.

காயத்தின் மேல் போட்ட கட்டை நனைப்பது என்ன என்று உற்றுப் பாருங்கள். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறதா? கட்டை மாற்றிய சற்று நேரத்தில் மறுபடி ஈரமாகிறதா? குழந்தை அழும்போது கூடுகிறதா? ரத்தக் கறையைச் சுற்றி வெளிறிய வளையம் படர்கிறதா? அப்படியானால் அது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீராக இருக்கலாம். வழியும் பாதையிலேயே கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால் அன்றே காட்டுங்கள். தலையில் அழுத்தம் ஏறுவதாலும் முதுகில் ஒழுகும். எனவே தலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தலையும் ஷன்ட்டும்

இந்த நீர் மூளையில் தேங்கினால் தலை பெரிதாகும். அதை வெளியே, பெரும்பாலும் வயிற்றுக்கு, வடிக்க உள்ளே வைக்கும் வால்வுள்ள குழாய்தான் ஷன்ட். நீளாத டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னந்தலை அதிகம் துருத்திய இடம் வழியாகச் சுற்றி மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை எழுதுங்கள். நிறைமாதக் குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு அரை செ.மீ. வளர்வது இயல்பு. ஒரே வாரத்தில் 1 செ.மீ.க்கு மேல் கூடினால் தாமதிக்காதீர்கள். உச்சிக்குழியைக் குழந்தை அழாதபோது நிமிர்த்திப் பிடித்துத் தொட்டுப் பாருங்கள். அழும்போது யாருக்கும் புடைக்கும். கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவை இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஷன்ட் வைத்த குழந்தை வாந்தி எடுத்தால் வயிற்றுக் கோளாறு என்று ஒதுக்கவே வேண்டாம். வளர்ந்த குழந்தைக்குக் காலைத் தலைவலி, புதிய மாறுகண், படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியவையும் அடைப்பின் குறிகள்தான். குழாய் போகும் வழியில் சிவப்பு, அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் காய்ச்சல் என்றால் தொற்றைச் சந்தேகியுங்கள். வால்வை வீட்டில் அமுக்கிப் பார்க்காதீர்கள். குழந்தை நலமாக இருந்தபோது எடுத்த ஸ்கேனின் நகலைக் கையில் வைத்திருங்கள். ஒப்பிட அது இல்லாமல் புதிய ஸ்கேனைப் படிப்பது கடினம். முனை வயிற்றில் உள்ள ஷன்ட்டுக்குக் கடும் மலச்சிக்கலும் தடையாகலாம்.

மூச்சை இழுக்கும்போது கீச்சொலி, அழுகுரல் மெலிவது, பால் புரையேறுவது, மூச்சு நின்று நின்று வருவது ஆகியவை மூளைத்தண்டு நசுங்குவதைக் காட்டும். அங்கும் முதலில் சோதிக்க வேண்டியது ஷன்ட்டைத்தான்.

சிறுநீர்ப்பை

சிறுநீர் தேங்கினால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகம் கெடும். அதனால்தான் பலருக்கு 3–4 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) போடச் சொல்கிறார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். நீர் சார்ந்த ஜெல்லை முனையில் தடவுங்கள், எண்ணெய் வேண்டாம். சிறுநீர் வரும்வரை மெல்லச் செலுத்தி, இன்னும் 1–2 செ.மீ. உள்ளே விடுங்கள். ஓட்டம் நின்றதும் மெதுவாக இழுங்கள். நடுவே மீண்டும் சொட்டினால் அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். தடை தட்டினால் தள்ளக் கூடாது. அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றவும் கூடாது. பெண் குழந்தைக்குக் குழாய் தவறி யோனிக்குள் போனால் சிறுநீர் வராது; அதை அங்கேயே விட்டுவிட்டு, புதிய குழாயை அதற்கு மேலே உள்ள துளையில் செலுத்துங்கள்.

இரண்டு வயதுக்கு மேல் எதிர்பார்க்கும் கொள்ளளவு, வயதோடு 1 கூட்டி 30ஆல் பெருக்கினால் வரும் மி.லி. நான்கு வயதுக்கு 150. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டி வந்தால் இடைவெளியைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர் கலங்கலாக இருப்பதற்கு மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. காய்ச்சல், வாந்தி, இடையிடையே புதிதாகக் கசிவது ஆகியவை சேர்ந்தால் பரிசோதனை வேண்டும். உணர்ச்சியில்லாத குழந்தை எரிச்சலைச் சொல்லாது.

கதீட்டர், கையுறை, பலூன் எதிலும் லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) இருக்கக் கூடாது. பல அறுவைகளைக் கண்ட இந்தக் குழந்தைகளுக்கு அதில் ஒவ்வாமை வருவது சகஜம், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும்.

தோலும் காலும்

காலையிலும் இரவிலும் பாதம், குதிகால், பிட்டம் பாருங்கள். காலைத் தாங்க மாட்டும் பாத உறையை (ஸ்ப்ளின்ட்) கழற்றி அரை மணி ஆகியும் சிவப்பு மறையாவிட்டால் அதைத் திருத்தும்வரை மாட்டாதீர்கள். வலியில்லாமல் கால் வீங்கிச் சூடாக இருந்தால் எலும்பு முறிவாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

நடை கெடுவது, முதுகுவலி, சிறுநீர் கசியாமல் இருந்த குழந்தைக்கு மறுபடி கசிவது, பாதம் வளைவது ஆகியவை குழந்தை வேகமாக வளரும் வயதில் தோன்றினால், வடுவில் ஒட்டிய தண்டுவடம் இழுபடுகிறதோ என்று பார்க்க வேண்டும். ஷன்ட் சரியாக ஓடுகிறது என்று உறுதி செய்த பிறகே அந்தக் கேள்விக்கு வருவார்கள். அறுவை செய்த ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் எம்ஆர்ஐயிலும் தண்டுவடம் கீழே ஒட்டித்தான் தெரியும். ஆகவே படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. எந்த மாதத்திலிருந்து என்ன மாறியது என்ற உங்கள் நோட்டைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.